மிக்ஸி மூடி பறக்காமல் இருக்க

வேகவைத்த காய்கறிகளை ஆறவிடாமல் மிக்ஸியில் அரைக்கத் தொடங்கிய மறுகணமே மூடி பறந்து, சுவரெங்கும் விழுது தெறிப்பது பார்ப்பவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் அருகில் நிற்பவரின் முகமும் கையும் வெந்துபோகும் ஆபத்து அதில் இருப்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். பிளேடு சுழலும்போது சூடான திரவம் சிதறி, மேலேயுள்ள காற்றைத் திடீரெனச் சூடாக்குவதோடு நீராவியையும் வெளிவிடுவதால், மூடிய ஜாருக்குள் அழுத்தம் நொடிப்பொழுதில் உயர்ந்து மூடியைத் தள்ளிவிடுகிறது. முழுமையாக ஆறவைத்து அரைப்பதே நல்லது. அவசரமென்றால், ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், மூடியின் நடுவிலுள்ள சிறிய அடைப்பானை எடுத்துவிட்டு, அந்தத் துளையின்மேல் மடித்த துணியைத் தளர்வாக வைத்து, மிகக் குறைந்த வேகத்தில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். நடுத்துளை இல்லாத சிறிய ஜாரில் சூடான எதையும் அரைக்கவே கூடாது.