தோல் கழுத்துப்பட்டைக்கு நாயை அளப்பது எப்படி

ஒரே லாப்ரடாருக்கு 42, 47, 65 என்று மூன்று எண் வரும். மூன்றும் சரிதான். 42 சென்டிமீட்டர் கழுத்தின் சுற்றளவு, 47 மாட்டிய பட்டையின் அளவு, 65 தைப்பதற்கு முன் வெட்டிய வாரின் நீளம். "பட்டை எத்தனை?" என்று பட்டறையிலிருந்து போனில் கேட்டால் ஒருவர் கழுத்தைச் சொல்வார், இன்னொருவர் பழைய பட்டையை நுனியிலிருந்து நுனிவரை அளந்து சொல்வார். தோலை ஒருமுறை வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது. அதனால் எண்ணைச் சொல்லும்போது எதை அளந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

டெய்லர் வைத்திருக்கும் துணி இஞ்சு டேப்பே போதும். பழைய டேப்பாக இருந்தால் ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள். நாள்பட்ட டேப் நீண்டிருக்கும், முனைத் தகடு கழன்று போனதில் முதல் அரை இஞ்சே இருக்காது. டேப் இல்லையென்றால் சணல் நூல். பூக்கட்டும் வாழைநார் வேண்டாம், எலாஸ்டிக் வேண்டவே வேண்டாம். நூலைச் சுற்றி, சேரும் இடத்தை நகத்தால் கிள்ளிப் பிடித்து அப்படியே ஸ்கேலில் வையுங்கள். முடிச்சுப் போட்டு அவிழ்த்து அளந்தால் ஒரு சென்டிமீட்டராவது தவறும்.

நாய் நான்கு காலில் நிற்க வேண்டும், தலை நேராக இருக்க வேண்டும். பிஸ்கட்டைத் தரையில் போட்டுவிட்டு அது குனிந்து தின்னும்போது அளப்பதுதான் வழக்கமான தவறு. குனிந்தால் டேப் காதுப்பக்கம் சரிந்து, கழுத்தின் ஒல்லியான இடத்தில் நிற்கும். பிஸ்கட்டை இன்னொருவர் மூக்கு உயரத்தில் பிடித்திருக்கட்டும்.

மூன்று இடத்தில் அளவு எடுங்கள். முதலாவது, பட்டை இயல்பாகத் தங்கும் இடம், அதாவது தோள்பட்டைக்குச் சற்று மேலே, கழுத்தின் அடிப்பக்கம். இரண்டாவது, காதுக்கு நேர் பின்னால், தாடைக்கு அடியில். மூன்றாவது, தலையின் அகலமான இடம்: காதுக்கு முன்னால் நெற்றியைச் சுற்றிக் கன்னம் வழியாக. டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. விரலை உள்ளே விட்டு அளக்காதீர்கள். இடைவெளியைப் பிறகு தனியாகக் கூட்டிக்கொள்ளலாம். நீங்களும் விரல் விட்டு, தைப்பவரும் விரல் கணக்குச் சேர்த்தால் பட்டை தலை வழியே கழன்று வந்துவிடும்.

பொமரேனியன் மாதிரி முடி அடர்ந்த நாய்க்கு முடியைப் பிரித்து டேப்பை உள்ளே இறக்குங்கள். சித்திரை வெயிலுக்கு முடியை ஒட்ட வெட்டும் வீடாக இருந்தால், வெட்டிய பிறகே அளப்பது நல்லது.

இடைவெளியும் தடிமனும்

பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் படுக்கையாக நுழைய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதை எண்ணாக்கினால் சின்ன நாய்க்கு 2 சென்டிமீட்டர், நாட்டு நாய் அளவுக்கு 3, லாப்ரடார், ராஜபாளையம் போன்ற பெரிய நாய்க்கு 4 கூட்டலாம்.

பலரும் மறப்பது தோலின் தடிமனை. வாரை மேசையில் படுக்கப்போட்டுத்தான் அளக்கிறோம். அதையே வளையமாக வளைத்தால் உள்பக்கம் சுருங்கும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு எளிது: தடிமனை 3.14-ஆல் பெருக்குங்கள். 4 மில்லிமீட்டர் தோலுக்குக் கிட்டத்தட்ட ஒன்றேகால் சென்டிமீட்டர். உள்ளே மெத்தென்று இன்னொரு தோல் வைத்துத் தைத்து 6 மில்லிமீட்டர் ஆகிவிட்டால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர், அதாவது ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் உள்ள இடைவெளியில் முக்கால் பங்கு. நைலான் பட்டையின் அளவை அப்படியே தோலுக்குக் கொடுத்தால் இறுகுவது இதனால்தான்.

ஆக நம் லாப்ரடாருக்கு, 4 மில்லிமீட்டர் தோலானால், 42 + 4 + 1.25. முழு எண்ணாக 47. இது நடுத் துளையில் மாட்டும்போது வர வேண்டிய அளவு.

வாரை வெட்டும் கணக்கு

மாட்டிய நிலையில் இழுவிசை பக்கிளின் முள் நுனி படியும் முன்சட்டத்தில்தான் விழுகிறது. அதனால் அளவு தொடங்குவதும் அங்கேதான், தோல் மடியும் இடத்தில் அல்ல. பழைய பட்டையை அளக்கும்போதும் இதே முறை: பக்கிளை நேராக நீட்டிவைத்து, முன்சட்டத்தின் உள்விளிம்பிலிருந்து தேய்ந்து நீண்டு போயிருக்கும் துளை வரை. அடிக்கடி மாட்டிய துளை எது என்று தோலே காட்டும். அதன் ஓரத்தில் பக்கிள் பதிந்த கோடு இருக்கும். மடிப்பிலிருந்து அளந்தால் பக்கிளின் நீளம், சுமார் 2 சென்டிமீட்டர், விட்டுப்போகும்.

எனவே மடிப்பிலிருந்து நடுத் துளைக்கு 47-ல் 2 போக 45. பக்கிளையும் சங்கிலி மாட்டும் டி-வளையத்தையும் நுனியைச் செருகும் லூப்பையும் பிடிக்கப் பின்னால் மடிக்கும் தோலுக்கு 8. ஐந்து துளைகளை 2.5 இடைவெளியில் போட்டால் நடுத் துளைக்கு அப்பால் இரண்டு துளைகளுக்கு 5. கடைசித் துளையிலிருந்து நுனிக்கு 7. மொத்தம் 65. சின்ன நாய்க்குத் துளை இடைவெளி 1.5 போதும், 2.5 வைத்தால் ஒரு துளையில் இறுகும், அடுத்த துளையில் தொங்கும்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று எட்டுத் துளை போடச் சொல்லாதீர்கள். நீண்டு தொங்கும் நுனியை நாய் கடிக்கும், வேலியிலும் சிக்கும். வளரும் குட்டிக்குத் தோல் பட்டையே வீண். ஒரு வயது வரை நைலான் போட்டு, கழுத்து பெருப்பது நின்ற பிறகு தோலுக்கு வாருங்கள்.

அகலம்: குட்டி, சின்ன நாய்க்கு 12 முதல் 15 மில்லிமீட்டர், நாட்டு நாய்க்கு 20 முதல் 25, பெரிய நாய்க்கு 30. மாட்டுக்கொட்டகையில் நாளெல்லாம் கட்டிக்கிடக்கும் நாய்க்கு ஒரு படி அகலம் கூட்டுங்கள். ஒல்லியான பட்டை சங்கிலியின் எடையோடு ஒரே கோட்டில் தேய்த்து, முதலில் முடியைக் கொட்ட வைக்கும், பிறகு புண்ணாக்கும். 25 பக்கிளுக்கு வாரை 24 ஆக வெட்டுவது நல்லது. சாயம் ஏறி ஓரம் உப்பியதும் சரியாக உட்காரும்.

தலை ஒல்லியான நாய்கள்

சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய் வளர்ப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு உதவாது. இவற்றின் தலை கழுத்தளவே இருக்கும். பின்வாங்கி ஓர் உதறு உதறினால் சாதாரணப் பட்டை கையோடு வந்துவிடும். தலையளவுக்கும் காதுப் பின்னளவுக்கும் வித்தியாசம் 3 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலே மார்டிங்கேல் வகைக்குப் போங்கள். அதில் அகலமான பட்டையின் இரு முனையிலும் வளையம் இருக்கும். அந்த இரண்டையும் ஒரு சின்னக் கண்ணி கோத்து இழுக்கும்.

உதாரணமாக, காதுக்குப் பின்னால் 36, தலை 38. பெரிய பட்டையை 36-ல் 4 குறைத்து 32 ஆக வெட்ட வேண்டும், அப்போதுதான் இறுகிய நிலையிலும் வளையங்கள் ஒன்றையொன்று தொடாது. தொட்டுவிட்டால் அதற்கு மேல் இறுகாது, நாய் கழன்றுவிடும். தளர்ந்த நிலையில் தலை நுழைய 39 தேவை. மீதி 7-ஐக் கண்ணி தர வேண்டும். கண்ணி இரட்டையாக ஓடுவதால் அதன் சுற்று 14. அகலம் 40 முதல் 50 மில்லிமீட்டர். இந்த வகையை நடைக்கு மட்டும் போடுங்கள், இதில் கட்டிப்போட்டு விட்டுப் போகக் கூடாது.

தண்ணீர் ஊரில் தோல்

ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் நாயும் அதில்தான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பட்டை காயவே காயாது. நனைந்த தோல் இழுத்த பக்கம் நீளும். வயிற்றுப் பகுதித் தோலானால் ஒரே மழைக்காலத்தில் ஒரு துளை தள்ளிப்போகும். முதுகுப் பகுதியில் நீளவாக்கில் வெட்டிய வார் கேளுங்கள். நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் தெரிந்துவிடும். வயிற்றுத்தோல் ரப்பர் மாதிரி கொஞ்சம் கொடுக்கும்.

மரப்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்ட தோலில் இரும்புப் பக்கிள் போட்டால், ஈரம் பட்டதும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை போலக் கறுக்கும், வெள்ளை நாயின் கழுத்தெல்லாம் அந்தக் கறை ஏறும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் முலாம் பூசிய பக்கிள் சீக்கிரமே பொரிந்துவிடும்.

நனைந்தால் துடைத்து நிழலில் தொங்கவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் துளை ஓரம் வெடிக்கும். எண்ணெய் மாதம் ஒருமுறை, துணியில் தொட்டுத் தடவும் அளவுக்கு மட்டும். ஊற வைத்தால் தோல் தொளதொளவென்று ஆகி, அளந்த அளவெல்லாம் போய்விடும்.

புதுப்பட்டை மாட்டிய மூன்றாவது வாரம் மறுபடி இரண்டு விரல் விட்டுப் பாருங்கள். மூன்று விரல் தாராளமாகப் போனால் ஒரு துளை உள்ளே மாட்டுங்கள். அப்படியே பட்டையைத் தூக்கி அடியில் உண்ணி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்; அதற்குப் பிடித்த இடம் அதுதான்.