இதயம் பலவீனமான நாய்க்கு நீர் கோத்தால்: செய்யக் கூடாதவை

கோத்த நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்ரூசிமைடு மாத்திரை (நீர் மாத்திரை) ஆரம்பித்ததும் நாய் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கும், வீடெங்கும் சிறுநீர் போகும். பயந்துபோய்த் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைக்காதீர்கள். குடிக்கிற தண்ணீரால் நீர் கோப்பதில்லை. இதயம் ரத்தத்தை முன்னே தள்ளத் திணறுவதால் பின்னால் அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகமும் உப்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் கோக்கிறது. மாத்திரையும் தந்து தண்ணீரையும் மறுத்தால் உடல் வறண்டு சிறுநீரகம் கெடும். மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் வெளியே கூட்டிப்போக ஆள் இருந்தால் போதும்.

இருமல் வரட்டும் என்று காத்திருப்பது இன்னொரு தவறு. இருமல் மூச்சுக்குழாய்க் கோளாறாலும் வரும். நுரையீரலில் நீர் ஏறுவதை முதலில் காட்டுவது தூக்கத்து மூச்சுதான். நாய் அசந்து தூங்கும்போது விலாவைப் பாருங்கள்: ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கனவில் கால் துடிக்கும்போதும், வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும்போதும் எண்ணக் கூடாது. தினமும் காலண்டரில் குறித்து வையுங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். மறுபடி எண்ணியும் 30ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரை அழையுங்கள். 40ஐத் தாண்டினாலோ, ஈறு நீலம் பூத்தாலோ, படுக்க முடியாமல் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

நன்றாக ஓடியாடுகிறதே என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் அதிகம். ஓடுவதே மாத்திரையால்தான். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுக்கவும் வேண்டாம். இதயம் வலுவாகச் சுருங்க உதவும் பிமோபென்டான் மாத்திரையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள்.

மூட்டுவலிக்கு மெலாக்சிகாம் போன்ற மருந்தை நீங்களாகச் சேர்க்காதீர்கள். நீர் மாத்திரையோடு சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடும். சாப்பிடவில்லை என்று வேறு மருத்துவமனைக்குப் போனால், இதய நோய் இருப்பதை டிரிப்ஸ் ஏற்றும் முன்பே சொல்லுங்கள். வேகமாக ஏறும் சலைன் நுரையீரலில் மறுபடி நீரை நிரப்பிவிடும்.

கருவாடு, அப்பளம், ஊறுகாய் தொட்ட சோறு, உப்பு பிஸ்கட் எதுவும் வேண்டாம். மாத்திரையை சீஸில் பொதிந்து தருவதும் உப்பைத் தருவதுதான். உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டில் வையுங்கள்.

வயிறு உப்பினால் மருத்துவர் ஊசி போட்டு நீரை எடுக்கலாம். நுரையீரலுக்குள் கோத்ததை அப்படி எடுக்க முடியாது, மருந்துதான் வழி. மாத்திரை அளவை மாற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கழிவுப்பொருள்), பொட்டாசியம் பார்க்கும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.