மரக்குடில் கட்ட யோசனை கேட்கும்போது ஊரையும் உங்களையும் பற்றிச் சொல்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ காட்டை ஒட்டி ஓர் ஏக்கர் நிலம் வாங்கி, விடுமுறை நாட்களில் தம் கையாலேயே ஒரு மரக்குடில் கட்டிக்கொள்ள விரும்புபவர்கள், ஏற்கெனவே கட்டி முடித்த முகமறியாத அனுபவசாலிகளிடம் இணையம் வழியே யோசனை கேட்கிறார்கள். வரும் பதிலின் தரம், தம்மைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் அவர்கள் எழுதும் அந்த நாலு வரிகளைப் பொறுத்தே அமைகிறது. பலரும் மண்ணுக்கும் கூரைக்கும் தேவையான விவரத்தை விட்டுவிட்டு, திருடனுக்குத் தேவையான விவரத்தை எழுதிவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

மாநிலத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வது முதல் தவறு. “மின்னசோட்டாவில் இடம் வாங்கியிருக்கிறேன், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போட வேண்டும்?” என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அம்மாநிலக் கட்டட விதிப்படி தென்பகுதியில் 42 அங்குலமும் வடபகுதியில் 60 அங்குலமும் இறங்க வேண்டும். குளிர்காலத்தில் மண்ணின் ஈரம் உறைந்து உப்புவதால், உறையும் ஆழத்துக்கு மேலேயே நின்றுவிட்ட தூணை நிலம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மேலே தள்ளும். கதவு சாத்த முடியாமல் பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த ஒன்றரை அடி வித்தியாசம் உறைக்கும். ஆகவே கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியின்) பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். கட்டட அனுமதி விதிகளும் கவுண்டிக்குக் கவுண்டி மாறுவதால், வேறு ஊர்க்காரர் “200 சதுர அடிக்குள் என்றால் அனுமதியே வேண்டாம்” என்று சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது; அத்தகைய விலக்கு பெரும்பாலும் சாமான் அறைகளுக்கானதே தவிர, படுத்து உறங்கும் குடிலுக்கானது அல்ல.

மலைப்பகுதியில் கவுண்டியின் பெயரும் போதாது, கடல்மட்டத்திலிருந்து நிலத்தின் உயரத்தையும் சொல்ல வேண்டும்; கூரை தாங்க வேண்டிய பனிச்சுமை அதைப் பொறுத்தது. ஒரு கன அடி தண்ணீர் சுமார் 62 பவுண்டு எடை. புதிதாக விழுந்த பனி அதில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும் என்றாலும், நாள்பட இறுகிய பனி மூன்றில் ஒரு பங்கை எட்டிவிடும். அப்படி இறுகிய பனி 12க்கு 16 அடிக் கூரையில் நான்கு அடி உயரம் நின்றால், உத்தரங்கள் தாங்க வேண்டிய சுமை ஏறத்தாழ 7 டன். பள்ளத்தாக்கில் போதுமான கூரை, அதே கவுண்டியின் மலைமுகட்டில் போதாமல் போவது இதனால்தான். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் பகுதியிலோ சரிவு எந்தத் திசை பார்க்கிறது என்பதே முக்கியம்: வடக்கு பார்த்த சரிவுகளில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண் இருக்கும், தெற்கு பார்த்தவற்றில் பெரும்பாலும் இராது. உறைமண் மீது நேரடியாகக் குடிலை அமர்த்தினால், உள்ளே எரியும் அடுப்பின் வெப்பமே அடிமண்ணை இளக்கிக் குடிலைச் சாய்த்துவிடும்.

தம்மைப் பற்றிச் சொல்லும்போது “நான் புதியவன்” என்று மட்டும் எழுதுவதும் பயன் தராது. 16 அடி நீளமும் ஓரடி விட்டமும் உள்ள பச்சை பைன் மரத்தண்டு சுமார் 200 கிலோ இருக்கும். அதைச் சுவரின் மேல் வரிசைக்கு ஏற்றுவதற்கு எத்தனை பேர் இருக்கிறீர்கள், செயின்சா (இயந்திர ரம்பம்) பிடித்த பழக்கம் உண்டா, முதுகுவலி உள்ளவரா, நிலம்வரை லாரி வருமா என்பவை தெரிந்தால்தான், முழுத் தண்டுகளை அடுக்கலாமா அல்லது அறுத்த சட்டங்களால் கட்டலாமா என்று ஒருவர் பொறுப்போடு சொல்ல முடியும். எங்கே வேலை பார்க்கிறீர்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்பதெல்லாம் இந்த முடிவுக்கு எவ்விதத்திலும் உதவாது.

இனி, சொல்லக் கூடாதவை. ஜிபிஎஸ் எண்களை முழுவதுமாக ஒட்டிவிடுவது பெரிய தவறு. தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் கொடுத்தால் இடம் சுமார் 11 மீட்டருக்குள் தெரிந்துவிடும். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் அளவுக்கே தெரியும், வானிலையையும் பனிச்சுமையையும் கணிக்க அதுவே தாராளம். நிலத்தின் பரப்பையும் சாலையின் பெயரையும் சேர்த்து எழுதுவதும் ஆபத்துதான், ஏனெனில் அமெரிக்கக் கவுண்டிகள் பலவற்றின் சொத்துப் பதிவுகளில் உரிமையாளரின் பெயரை யாரும் பார்க்கலாம்.

புகைப்படங்களும் காட்டிக்கொடுக்கும். 2012 டிசம்பரில் பெலீஸ் காவல்துறை விசாரணைக்குத் தேடிய மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருந்தது, ஒரு பத்திரிகை வெளியிட்ட படத்துக்குள் பதிந்திருந்த இடக்குறிப்பால்தான் வெளிவந்தது. படத்தை அனுப்பும் முன் அந்தக் குறிப்பை நீக்குங்கள்; பிறகு படத்தையே பெரிதாக்கிப் பாருங்கள். விரிசல் விட்ட தூணைக் காட்ட எடுத்த படத்தின் ஓரத்தில், வாயிற்கதவின் எண்ணும், பூட்டின் வகையும், சங்கிலி போடாத ஜெனரேட்டரும் தெரியக்கூடும். “இனி ஏப்ரலில்தான் வருவோம்” என்ற ஒரு வரியும் அதனோடு சேர்ந்தால், ஆளில்லாத குடில் எது என்று சொல்லிக்கொடுத்தது போலாகும்.

“வடக்கு மின்னசோட்டா, இன்ன கவுண்டி, களிமண், தெற்கு பார்த்த மெல்லிய சரிவு, இருவர் உழைப்பு, தச்சுவேலை ஓரளவு தெரியும், மரத்தண்டு தூக்கக் கப்பி மட்டும் உண்டு” என்று எழுதினாலே அனுபவசாலிக்குப் போதும். துல்லியமான இடம் தெரிந்தால்தான் சொல்ல முடியும் என்று ஒருவர் கேட்டால், அதை எல்லோரும் காண எழுதாமல், அந்தக் கவுண்டியின் கட்டட அலுவலரிடமோ நேரில் வரும் மண் பரிசோதகரிடமோ மட்டும் கொடுங்கள்.