கோ-ஆப் ஏரியாவுல வீட்டு சோலார்: கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

அமெரிக்காவுல வீடு வாங்கி சோலார் போடலாம்னு இறங்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் ஒண்ண கவனிக்கிறதே இல்ல, நமக்கு கரண்ட் குடுக்குறது பெரிய கம்பெனியா இல்ல கோ-ஆப்பா, அதாவது கரண்ட் வாங்குற மெம்பருங்களே சொந்தமா வச்சிருக்கிற கூட்டுறவு சங்கமா, அப்படிங்கிறத. ஜார்ஜியா கம்மிங் பக்கம்னா சானி ஈஎம்சி, டெக்சாஸ் லியாண்டர் பக்கம்னா பெடர்நேல்ஸ், ஃப்ரிஸ்கோவுல சில ஏரியாவுக்கு கோசர்வ், இதெல்லாம் 1930கள்ல கிராமத்துக்கு லைன் இழுத்தா லாபம் வராதுன்னு பெரிய கம்பெனிங்க ஒதுங்கினப்போ அரசாங்கக் கடன வச்சு விவசாயிங்களே சேர்ந்து ஆரம்பிச்சது, இப்ப அந்தக் காடெல்லாம் சப்டிவிஷன் ஆயிடுச்சு, ஆனா கரண்ட் இன்னும் கோ-ஆப்தான். நம்ம ஊர் ஈபி மாதிரி மாநிலம் முழுக்க ஒரே ரூல் இங்க கிடையாது. பெரும்பாலான மாநிலங்கள்ல கோ-ஆப்போட ரேட்ட மாநில மின்சார ஒழுங்குமுறை கமிஷன் முடிவு பண்றதில்ல, கோ-ஆப்போட போர்டுதான் முடிவு பண்ணும்.

அதனால ஆளுங்க பண்ற பெரிய தப்பு, சேல்ஸ்மேன் டேப்லெட்ல காட்டுற "நெட் மீட்டரிங்" கணக்க, அதாவது வெளிய அனுப்புற யூனிட்ட வாங்குற யூனிட்ல அப்படியே கழிச்சுக்கற கணக்க, அப்படியே நம்பிடுறது. பல கோ-ஆப்ல நீங்க வெளிய அனுப்புற யூனிட்டுக்கு நீங்க வாங்குற ரீடெயில் ரேட் கிடைக்காது, அவங்க மொத்த வியாபாரத்துல வாங்குற விலைய ஒட்டித்தான் குடுப்பாங்க. சும்மா கணக்குக்கு வச்சுக்கங்க, நீங்க வாங்குற ரேட் 12 சென்ட், அவங்க குடுக்குறது 4 சென்ட், மாசம் 1000 யூனிட் உற்பத்தி ஆகுது, அதுல பகல்ல வீட்டுல ஓடுறது 400, மிச்சம் 600 வெளிய போகுது. சேல்ஸ்மேன் கணக்குல உங்களுக்கு மிச்சமாகுற காசு 120 டாலர். நிஜத்துல வீட்டுல ஓடினதுக்கு 48-உம் வெளிய போனதுக்கு 24-உம் சேர்ந்து 72 டாலர்தான். ரெண்டு பேரும் ஆபீஸ் போயிட்டு சாயங்காலம் வந்து ஏசி போடுற வீடுன்னா வெளிய போறது இன்னும் அதிகம், மிச்சமாகுற காசு இன்னும் குறையும். இதுக்காக கோ-ஆப்ப திட்டவும் முடியாது, அவங்க நீண்டகால ஒப்பந்தத்துல மொத்தமா கரண்ட் வாங்குறாங்க, பல இடத்துல ஒரு மைலுக்கு கொஞ்சம் வீடுதான் இருக்கு, கம்பம் லைன் செலவு உங்க பேனலால குறையப்போறதில்ல. ஆனா அந்த நிஜம் உங்க கோட்டேஷன்ல இருக்கணும் இல்லையா, அதுதான் என் கோபம்.

ஆக, கோ-ஆப் வெப்சைட்ல சோலார் டாரிஃப் ஷீட், அதாவது கட்டண விவரம், இருக்கும், எடுத்து படிங்க. வெளிய அனுப்புற யூனிட்டுக்கு குடுக்குற எக்ஸ்போர்ட் ரேட் என்ன, கிரெடிட் அடுத்த மாசத்துக்கு போகுமா இல்ல மாசக்கடைசியில செட்டில் ஆயிடுமா, மாசாந்திர ஃபிக்ஸட் சார்ஜ் எவ்வளவு, டிமாண்ட் சார்ஜ் இருக்கா. டிமாண்ட் சார்ஜ் இருந்தா ரொம்ப உஷார், மாசத்துலயே அதிகமா கரண்ட் இழுத்த அந்தக் கொஞ்ச நேரத்துக்கு போடுற காசு அது, அந்த நேரம் பெரும்பாலும் சூரியன் இறங்கின அப்புறம்தான் வரும், பேனல் ஒண்ணும் காப்பாத்தாது. பிற்பாடு ரேட் மாறினா பழைய ஆளுங்களுக்கு பழைய ரேட்டே இருக்குமான்னும் எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க.

கோட்டேஷன்ல 30 சதவீத ஃபெடரல் டாக்ஸ் கிரெடிட் இன்னும் போட்டிருந்தா அங்கேயே நிறுத்துங்க. சொந்தக் காசுலயோ லோன்லயோ வாங்குற வீட்டு சோலாருக்கு அது 2025 டிசம்பர் 31-ஓட முடிஞ்சுபோச்சு.

அடுத்தது யாருமே பேசாத விஷயம், டிரான்ஸ்ஃபார்மர். ஊருக்கு வெளிய ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர் வீடுன்னா கம்பத்துல தொங்குறது 10 இல்ல 15 கேவிஏ (டிரான்ஸ்ஃபார்மர் தாங்குற அளவு, கிட்டத்தட்ட கிலோவாட் மாதிரி) சின்ன டப்பாவா இருக்கலாம், அதுல பக்கத்து வீடும் சேர்ந்திருக்கலாம். நீங்க 12 கிலோவாட் போட்டா கோ-ஆப் என்ஜினியர் டிரான்ஸ்ஃபார்மர மாத்தணும்பார், அந்த பில் உங்க தலையில விழலாம். வீடு கம்பத்துல இருந்து தூரமா இருந்தா இன்னொரு தலைவலி, இன்வெர்ட்டர் கரண்ட வெளிய தள்ளும்போது அந்த நீள ஒயர்ல வோல்டேஜ் ஏறும். 240 வோல்ட் லைன் ஏற்கனவே 250 பக்கம் நிக்குதுன்னா, நல்ல வெயில்ல மத்தியானம் 264-ஐ தாண்டி இன்வெர்ட்டர் தானா கட் ஆகும், கொஞ்ச நேரம் கழிச்சு வரும், திரும்ப கட் ஆகும். பேனல் பழுதுன்னு நினைச்சு இன்ஸ்டாலர கூப்பிட்டுக்கிட்டே இருப்பீங்க, பிரச்சனை ஒயர்ல இருக்கும். அதனால அப்ளிகேஷனுக்கு முன்னாடியே கோ-ஆப்புக்கு போன் போட்டு, என் டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கேவிஏ, எத்தனை வீடு அதுல இருக்குன்னு கேளுங்க. கேட்டா சொல்லுவாங்க, நீங்க அங்க வெறும் கஸ்டமர் இல்ல, மெம்பர்.

வீட்டு மெயின் பேனலும் (பிரேக்கர் எல்லாம் இருக்கிற பெட்டி, சோலார் பேனல் இல்ல) பாருங்க. பஸ்பார், அதாவது உள்ள கரண்ட பிரிச்சுக் குடுக்குற உலோகப் பட்டை, 200 ஆம்ப், மெயின் பிரேக்கரும் 200 ஆம்ப்னா, வழக்கமான 120 சதவீத ரூல்படி (மெயினும் சோலாரும் சேர்ந்து பஸ்பார் அளவுல 120 சதவீதத்த தாண்டக்கூடாது) சோலாருக்கு 40 ஆம்ப் பிரேக்கர்தான் போடலாம், அதுல தொடர்ந்து ஓட்டக்கூடியது 32 ஆம்ப், கிட்டத்தட்ட 7.7 கிலோவாட். அதுக்கு மேல போகணும்னா மெயின் பேனல் வேலை தனியா இருக்கு, அது கோட்டேஷன்ல இருக்கான்னு கேளுங்க.

அப்புறம் பேட்டரி இல்லாத சாதாரண சோலார் புயல்ல கரண்ட் போனா வீட்டுக்கு வேலை செய்யாது. வெளி லைன்ல (கிரிட்) கரண்ட் போன உடனே இன்வெர்ட்டர் நிக்கணும், இல்லைன்னா உங்க வீட்டு 240 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியா தலைகீழா ஏறி லைன்ல 7200 வோல்ட்டா நிக்கும், செத்த லைன்னு நினைச்சு கை வைக்கிற லைன்மேன் உயிர் அதுல இருக்கு. மீட்டர் பக்கத்துல பூட்டுற மாதிரி வெளிப்புற டிஸ்கனெக்ட் சுவிட்ச் வைக்கச் சொல்றது இதுக்காகத்தான், அத வேலிக்குள்ளயோ செடிக்குப் பின்னாடியோ ஒளிச்சு வைக்காதீங்க. பேட்டரிய பிற்பாடு சேர்த்தா கோ-ஆப்புக்கு திரும்ப சொல்லணும், பழைய அனுமதி அதுக்கு செல்லாம போகலாம்.

எல்லாம் மாட்டியாச்சு, இன்ஸ்பெக்ஷனும் முடிஞ்சுது, வெயில் சும்மா போகுதேன்னு ஆன் பண்ணிடுவாங்க சிலர். கோ-ஆப்கிட்ட இருந்து இயக்க அனுமதி எழுத்துல வர்ற வரைக்கும் பிரேக்கர தொடாதீங்க. மீட்டர் மாத்தாம ஆன் பண்ணினா, சில மீட்டர் நீங்க வெளிய அனுப்புறதையும் நீங்க இழுத்ததா எண்ணிடும், பில் கூடித்தான் வரும். அனுமதி வந்த பிறகு முதல் பில்லுல வாங்கினது, குடுத்ததுன்னு ரெண்டு ரீடிங் தனித்தனியா இருக்கான்னு பாருங்க, குடுத்தது சைபர்னு இருந்தா அன்னிக்கே போன் பண்ணிடுங்க.