எழுத்தாள நண்பரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது எப்படி?

செங்கோட்டையில் பிறந்து வளர்ந்த என் நண்பரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்திருக்கிறேன். எங்கள் எல்லைப் பகுதியில் இதே வேலையைத் தொடங்குகிறவர்களுக்காக, நான் கைக்கொண்ட முறை இதோ.

1. முதலில் தாள்களைத் திரட்டுங்கள். கடிதங்களை உறையோடு வையுங்கள். தேதியிடாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரைதான் சாட்சி. கணினியைவிடக் கோடு போட்ட தடித்த நோட்டையே நான் விரும்புகிறேன். இடப்பக்கம் சான்று, வலப்பக்கம் உங்கள் நினைவு. இரண்டையும் கலக்கவே வேண்டாம்.

2. பழைய தேதிகளை ஆங்கிலத் தேதிகளாக மாற்றுங்கள். பலரும் தடுக்கி விழும் இடம் இது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. ஆகவே ஜாதகம், பத்திரம், பழைய கடிதம் எல்லாவற்றிலும் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு வரும். அது சிங்கத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. ஆகஸ்டு நடுவிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து அடுத்த ஆகஸ்டு நடுப்பகுதி வரை 825. சரிபார்க்க, 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று பெரியவர்கள் சொல்லும் பெருவெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 1099 கர்க்கடகம் (நம் ஆடி), 825 கூட்டினால் 1924 ஜூலை. சில கடிதங்களில் 1099 வெறும் 99 ஆகச் சுருங்கியிருக்கும். அதை 1899 என்றோ 1999 என்றோ படித்துவிட்டால் நண்பரின் தாத்தாவும் பேரனும் இடம் மாறிவிடுவார்கள்.

3. அனுமதி பெறுங்கள். அவர் உங்களுக்கு எழுதிய கடிதத்தின் தாள் உங்களுடையது. எழுத்தின் பதிப்புரிமை, அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை வாரிசுகளுடையது. வாய்ச்சொல் போதாது, எழுதி வாங்குங்கள்.

4. அவரோடு பிணங்கியவர்களைத் தேடிப் போங்கள். அன்பு கொண்டவர்கள் அவருடைய கதைகளைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சை முறித்துக்கொண்டவர்கள்தான் அவர் எதற்கு விட்டுக்கொடுக்கவில்லை என்பதைச் சொல்வார்கள். என் நூலின் மிகச் சிறந்த அத்தியாயம் அப்படித்தான் கிடைத்தது.

5. வலப்பக்கத்தைக் கடைசியில் திறங்கள். சான்றோடு முரண்படும் நினைவை நீக்க வேண்டாம். இரண்டையும் அருகருகே அச்சிடுங்கள்.

பின்சேர்க்கை: மார்கழித் தேதிக்கு எதைக் கூட்டுவது என்று சிலர் கேட்டிருந்தார்கள். மாதத்தின் நடுவில் ஜனவரி பிறந்துவிடுவதால் முற்பாதிக்கு 824, பிற்பாதிக்கு 825. பதினாறு, பதினேழாம் தேதிகளில் ஐயம் வந்தால் ஜாதகத்திலுள்ள கிழமையையும் நட்சத்திரத்தையும் அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுங்கள்.