பிரிட்டன் குளிரில் ஹீட்டிங் பில்லை ஏற்றிவிடும் தவறுகள்

பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் குளிர்கால பில்லைப் பார்த்ததும் ஹீட்டிங்கை அடியோடு அணைத்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அவ்வளவு கஷ்டப்படத் தேவையில்லை. பணம் வீணாகும் இடம் பெரும்பாலும் வேறு.

முதலில் பாய்லரைப் பாருங்கள். கேஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, அறைகளின் சுவரில் இருக்கும் ரேடியேட்டர்களுக்கு அனுப்பும் பெட்டி அதுதான். காம்பி பாய்லர் (தொட்டி இல்லாமல் குழாய்க்கு வெந்நீரும் தருவது) என்றால் முகப்பில் இரண்டு திருகோ பட்டனோ இருக்கும். ஒன்றில் தண்ணீர்க் குழாய்ப் படம், இன்னொன்றில் ரேடியேட்டர் படம். ரேடியேட்டர் படம் போட்டதில்தான் ரேடியேட்டர்களுக்குப் போகும் தண்ணீரின் சூட்டை வைக்க வேண்டும். பொருத்தியவர் 75, 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருப்பார். அதற்கப்புறம் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இங்கே 2005-க்குப் பிறகு வந்த கேஸ் பாய்லர்கள் அநேகமாக எல்லாமே கண்டென்சிங் வகை. கேஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. அது பாய்லருக்குள்ளேயே குளிர்ந்து நீரானால், அதிலிருக்கும் வெப்பமும் நமக்குக் கிடைக்கும். ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 80-ல் அனுப்பினால் 60-ல் திரும்பி வரும். காசு கொடுத்த நீராவி புகைக்குழாய் வழியே தெருவுக்குப் போய்விடும். அதனால் 60-க்கு இறக்குங்கள், அப்போதும் வீடு போதுமான அளவு சூடானால் 55-க்கும் போகலாம். ரேடியேட்டர் முன்போல் கையைச் சுடாது, அறை சூடாகக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். வெந்நீர்த் தொட்டி இருக்கும் வீடென்றால் மட்டும் அவசரப்பட்டு இறக்கக் கூடாது. தொட்டித் தண்ணீர் 60 டிகிரிக்குக் குறைந்தால் லெஜியோனெல்லா கிருமி வளர இடமுண்டு.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது அறை எவ்வளவு சூடாக வேண்டும் என்று வைக்கும் கருவி. குளிருகிறதே என்று 28-ல் வைத்தால் வீடு சீக்கிரம் சூடாகாது. பெரும்பாலான தெர்மோஸ்டாட்டுகள் பாய்லரைப் போடவும் நிறுத்தவும் மட்டும்தான் செய்யும். 28-ல் வைத்ததை மறந்துவிட்டால் வீடு வேகும், மறுபடி ஜன்னலைத் திறப்போம். 'நாள் முழுக்கக் குறைவாக எரியவிட்டால் மிச்சம்' என்று சொல்பவர்களும் உண்டு. சாதாரண கேஸ் ஹீட்டிங்கில் அது சரியில்லை: வீட்டில் ஆளே இல்லாத நேரத்திலும் சுவர் வழியே வெப்பம் போய்க்கொண்டுதான் இருக்கும். எழுவதற்கு அரை மணி நேரம் முன்பு எரியும்படி டைமர் வையுங்கள். ஆனால் வீட்டில் வயதானவர்கள், கைக்குழந்தை இருந்தால் 18 டிகிரிக்குக் கீழே விட வேண்டாம். அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

பாய்லரை அணைத்துவிட்டு ஃபேன் ஹீட்டரை ஓட்டுவது இன்னொரு பொறி. 2 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு இரண்டு யூனிட் இழுக்கும். இங்கே மின்சார யூனிட்டின் விலை கேஸைப் போல சுமார் நான்கு மடங்கு. ஒரே ஒரு சின்ன அறைக்குக் கொஞ்ச நேரம் என்றால் சரி. ஹால் முழுக்கச் சாயங்காலமெல்லாம் என்றால் பில் எகிறும்.

ரேடியேட்டர் மேல் ஈரத்துணி காயப்போடாத வீடு குறைவு. துணியின் ஈரம் சுவரில் படிந்து, மூலையில் கறுப்புப் பூஞ்சையாக வரும். வேறு வழியில்லை என்றால், ஓர் அறையில் கொடி ஸ்டாண்டு வைத்துக் கதவைச் சாத்தி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் சோபாவைப் போட்டு அடைப்பதும், அதன் ஓரத்தில் சூட்டைப் பார்த்துத் திறந்து மூடும் வால்வை நீளத் திரைச்சீலையால் மூடுவதும் கூடாது. வால்வைச் சுற்றி மட்டும் சூடு தேங்கும், அறை சூடாகிவிட்டதென்று அது மூடிக்கொள்ளும். கதவடியில் காற்று வரும் இடுக்கை அடைக்கலாம். கேஸ் அடுப்புக்கும் பாய்லருக்கும் வைத்த காற்றுத் துளையை அடைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு வாயு தேங்கி ஆளையே கொல்லும்.

கடைசியாக ஒரு தப்புக் கணக்கு. செய்தியில் ஆஃப்ஜெம் (கேஸ், மின்சாரக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) விலை உச்சவரம்பு இத்தனை பவுண்டு என்று சொன்னால், அதற்கு மேல் பில் வராது என்று நினைக்கிறோம். உச்சவரம்பு யூனிட் விலைக்கும் தினசரி நிலைக் கட்டணத்துக்கும் (எரித்தாலும் எரிக்காவிட்டாலும் கட்டுவது) மட்டும்தான். செய்தியில் வரும் தொகை சராசரி வீட்டுக்குப் போட்ட கணக்கு; கூட எரித்தால் கூடத்தான் வரும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் இந்த உச்சவரம்பு மாறும். ஸ்மார்ட் மீட்டர் இல்லாதவர்கள் அந்த நாளை ஒட்டி மீட்டரைப் படம் பிடித்து ரீடிங் அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் கம்பெனி உத்தேசமாக ஒரு கணக்குப் போடும், பழைய விலையில் எரித்த கேஸும் புதிய விலையில் ஏறிவிடலாம்.