குதிரையின் முதுகு உட்காரும் பலகை அல்ல: சவாரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேணத்தை எடுத்து வந்ததும் குதிரை காதைப் பின்னால் மடிக்கிறது. வயிற்றுவாரை இழுத்தால் கடிக்கத் திரும்புகிறது. ஏறியதும் முதுகைக் குழித்துக்கொண்டு இரண்டடி ஓடுகிறது. லாயத்தில் இதற்கு வைக்கும் பெயர் ‘திமிர்’. முதல் தவறு அங்கேதான். நேற்று வரை அமைதியாக நின்ற குதிரை இன்று சேணத்தைக் கண்டு மிரண்டால், குணத்தைப் பழிக்கும் முன் முதுகைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

முதுகு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் மற்ற தவறுகள் தாமாகவே புரியும். குதிரைக்கு மார்புப் பகுதியில் 18 முள்ளெலும்புகள், அதற்குப் பின் இடுப்புப் பகுதியில் 6. சில அரபுக் குதிரைகளுக்கு எண்ணிக்கை ஒன்று குறையும். நமக்கு இருப்பதுபோல் காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. மார்புக்கூடு இரு முன்னங்கால்களுக்கு நடுவில் தசைகளைப் பிடித்தே தொங்குகிறது. முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் நீண்ட தசை, சுருங்கி விரிந்து நடையைச் செலுத்துவதற்கானது. சுமை தாங்குவது அதன் வேலை அல்ல. சுமையை ஏந்த, வயிற்றுத் தசைகள் அடியிலிருந்து இறுகி முதுகை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். அவை சோம்பிக் கிடந்தால் நீண்ட தசை சுமையைத் தாங்கப் போய் இறுகிவிடும். அப்புறம் காலடி குறுகும், திரும்புவது கடினமாகும், கேன்டர் எனும் மிதமான பாய்ச்சலில் முன்கால்களில் ஒரு பக்கமும் பின்கால்களில் மறுபக்கமும் முந்தி ஓடும்.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று ரைடிங் கிளப்புக்கு வரும் தாரோபிரெட் குதிரைகளிடம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். முள்ளெலும்புகளின் மேல்முனைகள் ஒன்றோடொன்று நெருங்கி உரசும் ‘கிஸ்ஸிங் ஸ்பைன்’ அந்த இனத்தில் அதிகம். பெரும்பாலும் 13 முதல் 18 வரையுள்ள மார்பு முள்ளெலும்புகளில், அதாவது நாம் உட்காருகிற இடத்துக்கு நேர் கீழே வரும். ஆனால் எக்ஸ்ரேயில் எலும்புகள் நெருங்கித் தெரிவதாலேயே வலி இருப்பதாக முடிவு கட்டக் கூடாது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடும் குதிரைகளிலும் அந்த நெருக்கம் தெரியும்.

சேணத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பலர் அதைக் கழுத்தை ஒட்டி முன்னால் தள்ளிப் போடுகிறார்கள். முன்னங்கால் முன்னே நீளும்போது தோள்பட்டை எலும்பின் மேல்நுனி பின்னோக்கி நகரும். ஒவ்வொரு அடியிலும் சேணத்தின் முன்விளிம்பில் மோதும். சேணத்தை முதலில் முன்னால் வைத்து, முடி படிந்திருக்கும் திசையில் பின்னுக்கு நகர்த்துங்கள். தானாகவே ஓர் இடத்தில் போய் அமரும். தோள்பட்டை எலும்புக்குப் பின் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். பின்முனை கடைசி விலா எலும்பு முதுகோடு சேரும் இடத்தைத் தாண்டக் கூடாது. அதற்குப் பின்னால் உள்ள இடுப்புப் பகுதிக்கு விலாவின் தாங்கல் இல்லை. சேணத்தின் அடியில் நடுவே உள்ள பள்ளம் முன்னிருந்து பின் வரை மூன்று நான்கு விரல் அகலம் இருந்தால்தான் முள்ளெலும்பில் படாது. அடியில் பேட் (சேணத்துக்குக் கீழே விரிக்கும் மெத்தைத் துணி) போடாமல், வாரைக் கட்டாமல் சேணத்தை வைத்து, உள்ளங்கையை அதன் அடியில் முன்னிருந்து பின்னுக்கு நுழைத்துப் பாருங்கள். இரு முனையும் அழுத்தி நடுவில் மட்டும் கை தாராளமாகப் போனால், அந்தச் சேணம் பாலம்போல் நிற்கிறது. உங்கள் எடை முழுவதும் நான்கு புள்ளிகளில் இறங்குகிறது.

பொருந்தாத சேணத்துக்குக் கீழே இன்னொரு தடித்த பேட் வைப்பது நம் ஊர் லாயங்களில் வழக்கமாகிவிட்டது. சேணம் குறுகலாக இருந்தால் பேட் அதை இன்னும் குறுக்கும். வியர்த்த முதுகில் ஓரிடம் மட்டும் காய்ந்திருப்பதை வைத்தும் அவசரமாக முடிவு செய்யாதீர்கள். மிகையான அழுத்தமும் அப்படிக் காட்டும், துளியும் தொடாத இடமும் அப்படிக் காட்டும். கருநிற முதுகில் வெள்ளை முடி முளைத்திருந்தால் அதில் ஐயமில்லை: என்றோ அங்கே தோல் நசுங்கியிருக்கிறது.

எடைக் கணக்கும் உண்டு. சவாரிக்காரர், சேணம் எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்வது நடைமுறை. 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ. 350 கிலோ குதிரைக்கு 70 கிலோதான், அதில் சேணமே எட்டு பத்து கிலோ போய்விடும். மெலிந்தது, வயதானது, தசை வற்றியது என்றால் இன்னும் குறையுங்கள்.

தரையிலிருந்து அங்கவடியில் கால் வைத்துத் தொங்கி ஏறினால் சேணம் இடப்பக்கம் இழுபட்டு முள்ளெலும்புகளை முறுக்கும். மேடையில் நின்று ஏறுங்கள். வாரை ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். ஒரு துளை, நாலடி நடை, இன்னொரு துளை. ஏறிய பின் முதல் 10–15 நிமிடம் தளர்ந்த கடிவாளத்தில் நடை மட்டும்.

தலையைக் கையால் இழுத்துக் கீழே மடக்கினால் முதுகு உயரும் என்பது பிடிவாதமாக நிலைத்துவிட்ட நம்பிக்கை. கழுத்து வளையும், படத்தில் அழகாகவும் இருக்கும். முதுகு மட்டும் குழிந்தே இருக்கும். உயர்த்தும் வேலை பின்னங்காலில் தொடங்குகிறது. பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் வந்தால் இடுப்பு மடங்கும், வயிறு இறுகும், முதுகு எழும், கழுத்து தானே நீண்டு இறங்கும். டிராட்டில், அதாவது மூலைக்கு மூலை எதிரெதிர்க் கால்கள் ஜோடியாக ஊன்றும் துள்ளுநடையில், எழுந்து அமரும்போது எப்போதும் ஒரே கால்ஜோடி ஊன்றுகையில் அமர்வதும் தவறு. முதுகின் ஒரு பக்கமே அடி வாங்கும். திசை மாறும்போதெல்லாம் மாற்றுங்கள், நேர்ப்பாதையில் சில நிமிடங்களுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

முதுகைச் சோதிப்பவர்கள் பேனா முனையால் குத்திப் பார்ப்பதுண்டு. குத்தினால் நல்ல குதிரையும் முதுகைத் தாழ்த்தும், அது அனிச்சைச் செயல். விரல்களைத் தட்டையாக வைத்து, முள்ளெலும்பிலிருந்து நாலு விரல் தள்ளி, முன்னிருந்து பின்னுக்கு மெதுவாக அழுத்திச் செல்லுங்கள். தசை பலகைபோல் விறைக்கும் இடத்தை இரு பக்கமும் ஒப்பிடுங்கள்.

வலி தெரிந்ததும் வலிநிவாரணி கொடுத்துவிட்டு மறுநாள் ஏறுவதுதான் ஆபத்து. பின்னங்கால் மூட்டு வலி, குளம்பின் முன்பகுதி நீண்டு குதி தாழ்ந்திருத்தல், இரைப்பைப் புண், கூரான பல் இவையெல்லாம் முதுகு வலியாகவே வெளிப்படும். எனவே மருத்துவரிடம் கால்களையும் பாருங்கள் என்று கேளுங்கள். வேலைக்குப் பின் பின்னுடல் தசை கல்லாக இறுகி, வியர்த்து, சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தால் நடக்க வைக்கவோ தேய்த்துவிடவோ கூடாது. அது தசை சிதைவு. நின்ற இடத்திலேயே நிறுத்தி உடனே மருத்துவரை அழையுங்கள்.

வலி தீர்ந்த குதிரையை லாயத்திலேயே நிறுத்தி வைத்தால் தசை திரும்பாது. கேரட் துண்டைக் காட்டித் தலையை மார்புக்கும், முன்முழங்கால்களுக்கு நடுவிலும், இரு பக்க விலாவுக்கும் இழுக்கச் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் சில நொடி பிடித்து, ஐந்து தடவை, வாரம் ஐந்து நாள். வெடுக்கென்று பறித்துத் தின்ன விட்டால் பயனில்லை. முள்ளெலும்பை ஒட்டிய சிறு தசைகள் பருக்க மூன்று மாதம் பிடிக்கும். அதற்குள் முதுகின் வடிவம் மாறியிருக்கும், பழைய சேணம் பொருந்தாது. அடியில் உள்ளங்கையை நுழைத்து மறுபடி பாருங்கள்.